வேர் எது, மூக்கு எது

வெங்காயப் பட்டறையைப் பிரிக்கிற நாளில் கிளம்பும் வாடை முதலில் கண்ணைத்தான் பிடிக்கும், மூக்குக்கு அப்புறம்தான் வரும். மாதக்கணக்கில் தென்னங்கீற்றுக்கு அடியில் மூடிக்கிடந்த சின்ன வெங்காயத்தின் சூடும், அடியில் அழுகிப்போனவற்றின் புளித்த நெடியும், காய்ந்த சருகுத் தூசியும் கலந்த அந்த வாடை எங்கள் தலைமுடியிலும் பாவாடை மடிப்பிலும் ஏறிக்கொண்டு ஒரு வாரத்துக்கு இறங்காது. காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் தோட்டம். பெயர்தான் தோட்டம், இருந்தது மூன்று ஏக்கர், அதில் தண்ணீர் பாய்ந்தது ஒன்றில். மற்றதெல்லாம் மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வெள்ளாடு. அந்த ஒரு ஏக்கரில் வைகாசியில் வெங்காயம் நடுவோம். அதற்காகத்தான் விதை வெங்காயத்தைப் பட்டறை போட்டுக் காத்து வைப்பது.

வெங்காயத்துக்கு ஒரு பக்கம் வேர், மறுபக்கம் "மூக்கு". வேர்ப்பக்கம் தட்டையாக, மழித்த தாடையைத் தடவுவதுபோல் சொரசொரவென்று இருக்கும். மூக்குப் பக்கம் காய்ந்து, கூராக, விரலில் பட்டால் நொறுங்கும். "வேரு மண்ணப் பாக்கோணும், மூக்கு வானத்தப் பாக்கோணும்" என்று நடவுக்கு வரும் பெண்கள் சொல்வார்கள். கண்ணால் பார்த்து நடுவதற்கெல்லாம் அவர்களுக்கு நேரம் கிடையாது. மடியிலிருந்து கைக்கு வருவதற்குள் விரல் அதைத் திருப்பிவிடும். எனக்குப் பன்னிரண்டு வயதாகியும் அந்த வித்தை விரலுக்கு வரவில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, திருப்பி, பிறகுதான் ஊன்றுவேன். எங்கள் வீட்டில் அதைச் சொல்லிச் சிரிக்காத ஒரே ஆள் என் அக்கா கோகிலா.

அக்கா என்னைவிட மூன்று வயது பெரியவள். கையில் எந்த விதை கிடைத்தாலும் "இதுக்குத் தல எது, காலு எது, சொல்லு பாக்கலாம்" என்று என் முன்னால் நீட்டுவாள். புளியங்கொட்டை, ஆமணக்கு, பூசணி விதை, வேப்பங்கொட்டை, வாயிலிருந்து துப்பிய சீத்தாப்பழக் கொட்டை எதுவும் தப்பாது. நான் ஒரு பக்கத்தைக் காட்டுவேன். அவளுக்கும் பல நேரம் விடை தெரியாது. தெரியாததுதான் அவளுக்குப் பிடிக்கும். "நட்டுப் பாத்துப்போடலாம்" என்று கிணற்று மேட்டில் ஒரு சாண் இடத்தில், ஒன்றை நேராக, ஒன்றைத் தலைகீழாக, ஒன்றைப் படுக்கையாக வைத்து மண்ணை மூடிவிட்டு, எது எது எப்படி என்று அடையாளத்துக்குக் குச்சி நடுவாள். பாதியைக் கோழி கிளறிவிடும். மீதியை நாங்கள் முளைக்கும் முன்பே தோண்டிப் பார்த்துக் கெடுத்துவிடுவோம்.

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில்தான் அவளுக்கு விடை கிடைத்தது. விதையை எப்படி வைத்தாலும் வேர் பூமியைத் தேடிக் கீழே வளையும், தண்டு அதற்கு எதிராக மேலே வளையும் என்று அதில் போட்டிருந்தது. போட்டிருந்ததை நம்பிவிட்டுப் போகிறவள் இல்லை அவள். காலியான மூன்று ஊறுகாய்ப் பாட்டில்களில் ஈரக் காகிதத்தைச் சுருட்டி வைத்து, கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவில் மொச்சைகளைச் செருகினாள். ஒரு பாட்டிலில் கண் மேலே, ஒன்றில் கீழே, ஒன்றில் பக்கவாட்டில். நாலாம் நாள் தலைகீழாக வைத்த மொச்சையிலிருந்து வெளிவந்த வெள்ளை வேர் மேல்நோக்கிக் கொஞ்ச தூரம் போய், ஏதோ ஞாபகம் வந்ததுபோல் நின்று, கொக்கி மாதிரி வளைந்து கீழே இறங்கியிருந்தது. அக்கா தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, மோவாயைக் கைகளில் தாங்கி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று அம்மா கத்தக் கத்த அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுக்குக் கண்ணு இல்ல, காது இல்ல, எப்படித் தெரியுது பாரு கண்ணு" என்றாள் என்னிடம். அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்த கடைசிச் சில நாட்களில் அது ஒன்று.

அந்த ஆண்டு மழை இல்லை. மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் கிணறு சேற்றைக் கக்கும். சித்திரையில் பக்கத்து ஊர்ப் பெண்மணி ஒருத்தி எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்தாள். கோயமுத்தூர்ப் பக்கத்து நூல் மில் ஒன்றுக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறவள். மூன்று வருடம் மில் விடுதியிலேயே தங்கி வேலை பார்த்தால், முடியும்போது கல்யாணத்துக்கு என்று ஒரு தொகை தருவார்கள் என்று சொன்னாள். "ரெண்டு பொட்டப் புள்ளைக, மானமும் மழ பெய்யாமப் பொய்யுது, என்ன பண்ணுவீங்க?" என்றாள் அம்மாவிடம். அப்பா "பாக்கலாமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

வைகாசியில் பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. அக்கா பள்ளியில் முதல். தாராபுரத்தில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தால் அறிவியல் பிரிவு கிடைக்கும் என்று வாத்தியார் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பா அவரை உட்காரவைத்து மோர் கொடுத்து, பிள்ளையைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அனுப்புகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அக்கா அன்று மாலையே பழைய புத்தகப்பையைத் துவைத்துக் கொடியில் போட்டாள்.

அதற்கடுத்த வாரம் நடவு. கிணற்றில் இருந்த தண்ணீரையெல்லாம் முந்தின நாள் பாருக்குக் கட்டியாயிற்று. பார் என்பது மண்ணை இழுத்து நீளவாக்கில் அணைத்த கரை. அதன் இரண்டு பக்கச் சரிவிலும் வெங்காயத்தை ஊன்ற வேண்டும். மூன்றாம் நாள் "உயிர்த்தண்ணி" விட எங்கிருந்தாவது ஊறி வர வேண்டும் என்பதுதான் அப்பாவின் கவலை. கூலிக்கு அருக்காணியக்காவும் இன்னும் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். ஆள் போதாததால் அக்காவும் நானும் ஆளுக்கொரு பாரைப் பிடித்துக் குந்தினோம்.

பத்து மணிக்கெல்லாம் வெயில் முதுகில் ஏறிவிட்டது. எல்லோரும் என்னைத் தாண்டி முன்னால் போய்விட்டார்கள். அருக்காணியக்கா திரும்பிப் பார்த்து, "ஏனம்மணி, வெங்காயத்துக்குப் பொண்ணு பாக்கறியா, இத்தன நேரம் மொகத்தப் பாத்துட்டு இருக்கற?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அப்போதுதான் அந்த மொச்சைப் பாட்டில் ஞாபகம் வந்தது. எப்படி வைத்தாலும் அது வளைந்து வரத்தானே போகிறது? வேர் எது, மூக்கு எது என்று பார்ப்பதை விட்டேன். கைக்கு வந்தது வந்தபடி, தலைகீழோ படுக்கையோ, அமுக்கிக்கொண்டே போனேன். நான்கு பார் முடித்தேன். மத்தியானம் அம்மா, "பரவால்ல, சின்னவளுக்கும் கை வந்துபோச்சு" என்றாள்.

பல வருடங்களாக நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தது, அது ஒரு சோதனை என்று. அக்காவின் ஆர்வம் எனக்கும் தொற்றிக்கொண்டது என்று. அது பொய். எனக்குக் கால் வலித்தது, சிரித்தார்கள், சீக்கிரம் முடிக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

எட்டாம் நாள் மற்றப் பார்களிலெல்லாம் பச்சை ஊசியாகத் தாள் எட்டிப் பார்த்தது. அந்த நான்கு பாரும் மொட்டையாகக் கிடந்தன. விதை சொத்தையோ என்று அப்பா குந்தி உட்கார்ந்து விரலால் ஒன்றைக் கிளறி எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு பாரின் நீளத்துக்கு அங்கங்கே கிளறிக்கொண்டே போனார். சில அழுகி, தொட்டால் பிசுபிசுத்தன. சிலவற்றில் தாள் பக்கவாட்டில் வந்து, மண்ணுக்குள்ளேயே சுருண்டு வழி தேடிக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டுத் திருப்பி நடக் கிணற்றில் தண்ணீர் இல்லை, பட்டறையில் விதையும் இல்லை.

வேப்ப மரத்தடியில் நாங்களும், வேலைக்கு வந்திருந்த அருக்காணியக்காவும் இருந்தோம். நடவன்று பார் மாறி மாறி நட்டதில் எது யார் நட்டது என்று யாருக்கும் நினைவில்லை. அப்பா கையில் நாலைந்து வெங்காயத்தோடு வந்து நின்றார்.

"அந்தக் கடைசி நாலு பாரும் ஆரு நட்டது?"

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு முறை.

"நாந்தானுங்கப்பா" என்றாள்.

அம்மாவுக்குத்தான் கோபம் வந்தது. "ஏன்டி, மொதல் மார்க்கு வாங்குன புள்ளைக்கு வேரு எது, மூக்கு எதுன்னு தெரியலையா?"

"எப்படி வெச்சாலும் மொளைக்கும்னு பொஸ்தகத்துல போட்டிருந்துச்சுங்கம்மா. அதான் வெச்சுப் பாத்தேன்."

"படிச்சா மண்ணு மறந்துபோகுமாட்ட இருக்குது" என்றாள் அருக்காணியக்கா. அவள் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. யாராவது ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது, சொன்னாள். அப்பா திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டு, தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

மூன்றாம் நாள் காலை, சோளக்கஞ்சியைக் குடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "பெரியவ மில்லுக்குப் போய் மூணு வருசம் இருந்துட்டு வரட்டும். சின்னவ படிக்கட்டும்" என்றார். அக்கா கொடியிலேயே கிடந்த பையை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு அதிலேயே இரண்டு பாவாடை தாவணியை வைத்துக்கொண்டாள்.

பேருந்து நிற்கும் இடம் வரை நானும் போனேன். அந்தப் பெண்மணி அப்பாவோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அக்காவின் கையைப் பிடித்து, "நான் சொல்லிப்போடட்டா அக்கா?" என்று கேட்டேன். அவள் குனிந்து என் சடைப் பின்னலைச் சரி செய்வதுபோல், "சொன்னீன்னா ரெண்டு பேரு படிப்பையும் நிறுத்திப்போடுவாங்க. கம்முனு இரு" என்றாள். நான் கம்மென்று இருந்தேன். அதைச் செய்த மாதிரி வேறு எதையும் நான் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க விடுவார்கள். முதல் முறை போனபோது அவள் புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருந்தது, வயதானவள்போல் இருந்தாள். அம்மா கொண்டுபோன முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அந்த நாலு பாரு மொளைச்சுதா?"

பாதிக்கு மேல் அழுகிப்போயிருந்தது. தப்பியது தாமதமாக, கழுத்து வளைந்து, நோஞ்சானாக வந்திருந்தது. தண்ணீர் இல்லாமல் அதுவும் பழுத்துக்கொண்டிருந்தது.

"எல்லாம் மொளைச்சுப்போச்சு அக்கா. வளைஞ்சு வளைஞ்சு மேல வந்துருச்சு."

"பாத்தியா!" என்றாள். பஞ்சு ஒட்டிய முகம் முழுக்கச் சிரித்தது. "பொஸ்தகத்துல போட்டது செரிதான்."

மூன்று வருடம் முடிகிற நேரத்தில் அம்மா நோயில் படுத்துவிட்டதால் இன்னும் இரண்டு வருடம் இருந்தாள். வெளியே வரும்போது இருமல் அவளோடு வந்தது. கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டும் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தோம், நல்ல மனிதர். தறிச் சத்தத்துக்குள் இருந்து இருந்து அவர் எதையும் இரைந்துதான் பேசுவார், அவள் எதையும் மூச்சு வாங்கித்தான் பேசுவாள். பிள்ளை இல்லை. நான் கோவையில் கல்லூரி முடித்து, பம்பு மோட்டார் விற்கும் கம்பெனி ஒன்றில் கடிதம் தட்டச்சு செய்கிற வேலையில் சேர்ந்தேன். இன்றும் அதே வேலைதான். படிப்பில் எனக்குப் பெரிய பிடிப்பு எப்போதும் இருந்ததில்லை. மொச்சை வேரைக் குப்புறப் படுத்துப் பார்த்தவள் மில் எந்திரத்துக்கு முன்னால் நின்று அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தாள். அவளுக்குக் கிடைக்க வேண்டிய வகுப்பறையில் நான் உட்கார்ந்து, மணி எப்போது அடிக்கும் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் "ஆபீஸ்ல என்ன பண்ணுவே, சொல்லு" என்று ஆசையாகக் கேட்பாள். நான் என் வேலையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிச் சொல்வேன். ஒரு முறை மட்டும் துணிந்து அந்த வெங்காயத்தைப் பற்றி ஆரம்பித்தேன். "அட, அத ஏன் இன்னும் பேசிட்டு இருக்கற? நீ படிச்சுட்டீல்ல. அது போதும் கண்ணு" என்று அடைத்துவிட்டாள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில், அவள் இறந்தாள். கடைசியில் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடிதான் தூங்கினாள், உட்கார்ந்தபடிதான் போனாள்.

காரியமெல்லாம் முடிந்து உறவுகள் கலைந்த ஒரு மத்தியானம், அப்பாவும் நானும் மட்டும் இருந்தோம். அம்மா போய் ரொம்ப நாளாயிற்று. அப்பா என்னோடுதான் இருக்கிறார். இனியும் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"அன்னிக்கு அந்த நாலு பாரும் நட்டது நானுங்கப்பா. அக்கா இல்ல."

அவர் தலையைத் தூக்கவில்லை. "தெரியும் கண்ணு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. திரும்பவும் சொன்னேன்.

"கிளறிப் பாத்தப்பவே தெரியும். உன்ற வெரலு அத்தனூண்டு. அவ நட்டா ரெண்டு வெரக்கட ஆழம் இருக்கும். அது அத்தனையும் மேலயே கெடந்துச்சு."

"அப்பறம் ஏனுங்கப்பா அவள அனுப்புனீங்க?"

வேட்டி நுனியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நடவுக்கு முந்துன வாரமே அந்தப் பொம்பளைகிட்ட செரின்னு சொல்லிப்போட்டேன். வாத்தியார் வந்துட்டுப் போன மக்கா நாளு. புள்ளகிட்ட எந்த மொகத்தோட சொல்றதுன்னுதான் தெரியாமத் திரிஞ்சேன்." வேட்டி நுனியைக் கீழே விட்டுவிட்டு, "அவளே ஒரு வழி பண்ணிக் குடுத்துப்போட்டா" என்றார்.

அவரை நான் திட்டவில்லை. திட்டுவதற்கு என்னிடம் என்ன இருந்தது? நான் வாய் திறந்திருந்தால் அவள் படித்திருப்பாள் என்று இத்தனை வருடமும் நினைத்து நினைத்து என்னையே அறுத்துக்கொண்டிருந்தேன். அந்த வலியில் ஓர் ஓரத்தில், அவள் படித்திருக்க முடியும், அப்படி ஒரு வழி இருந்தது என்ற நினைப்பும் இருந்தது. அன்று மத்தியானம் அதுவும் போய்விட்டது. வழி இல்லை. அவள் புத்தகப்பையைத் துவைத்துக் கொடியில் போட்டபோதே இல்லை. தன் பொய்யால் தங்கையைக் காப்பாற்றிவிட்டோம் என்று நம்பியே அவள் செத்தாள். சொல்ல முடியாமல் திரிந்த அப்பாவின் வாயைத்தான் அவள் காப்பாற்றினாள். யார் நட்டது, எப்படி நட்டது என்பதற்கெல்லாம் ஒரு அர்த்தமும் இருக்கவில்லை.

அப்பாவுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. காலையில் அவருக்குக் காபி கொடுத்துவிட்டு நான் வேலைக்குப் போகிறேன், மாலையில் வந்து விளக்கைப் போடுகிறேன். அதைப் பற்றி நாங்கள் மறுபடி பேசவில்லை. தோட்டத்தை விற்றுப் பல வருடமாகிறது. இப்போது அங்கே தகரக் கூரை போட்ட கிடங்கு ஒன்று நிற்கிறது, கிணற்றை மண்ணடித்து மூடிவிட்டார்கள். ஊறுகாய்ப் பாட்டில்களும் அந்த அறிவியல் புத்தகமும் எப்போது, யார் கையால் போயின என்று தெரியவில்லை. அக்கா எழுதிய ஒரு வரிகூட என்னிடம் இல்லை. பள்ளியில் எடுத்த குழுப் படத்தை அப்போது நாங்கள் வாங்கவில்லை. அந்த வயதில் அவள் எப்படி இருந்தாள் என்பதற்கு மிஞ்சியிருப்பது மில்லில் சேர்ந்தபோது கொடுத்த அடையாள அட்டை ஒன்றுதான். தலைமுடியைத் துணித்தொப்பிக்குள் இறுக்கி மறைத்துக்கொண்டு, யாரோ நேராகப் பார் என்று சொன்னதற்காக நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் வயது பதினெட்டு என்று போட்டிருக்கிறது.

அவளுக்கு அப்போது பதினைந்து.